வெள்ளிக்கிழமைத் தார்ப்பாய்

ஹுமாயூனின் தையல் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. ராஜபாளையத்தில் அது ஊரறிந்த விஷயம். மொட்டை மாடியில் இருந்த சோலார் தகடுகளுக்கும் அவர் லீவு விட்டிருந்ததுதான் யாருக்கும் தெரியாது. நைட்டி தைக்கும் ஆறு மெஷினும் ஓடாத நாளில் தகடு மட்டும் எதற்கு வெயிலில் காய்ந்து தேய வேண்டும்? வியாழக்கிழமை சாயங்காலமே தார்ப்பாயைப் போர்த்தி, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிடுவார். மிச்சக் கரண்ட் தெருக் கம்பியில் போய்விடும் என்று தகடு மாட்டிக் கொடுத்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். போனால் மெட்ராஸுக்கோ மதுரைக்கோ போகும், நமக்கென்ன என்று இருந்துவிட்டார் மனுஷன்.

பக்கத்து வீட்டுக் காசிராஜன் நுரையீரல் கெட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. அந்தச் சித்திரை வெள்ளிக்கிழமை, ஹுமாயூன் ஜும்ஆ தொழுகைக்குக் குளித்துவிட்டு வரும்போது அது கீச்கீச்சென்று அலறியது. ஓடினார்.

காசிராஜனின் மனைவி பிச்சையம்மாள் சிலிண்டரைத் திருகிக்கொண்டிருந்தாள். அதிலும் அளவு காட்டும் முள் அடியில் கிடந்தது.

"வேற சிலிண்டர் ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து வந்துக்கிட்டு இருக்கு தம்பி. அதுவரைக்கும் இது தாங்குமான்னு தெரியலையே. மத்த நாளெல்லாம் ஒழுங்கா ஓடுது, வெள்ளிக்கிழமை வந்தா இந்த எழவு மிஷின் நின்னுருது."

லைன்மேன் ஐயாதுரை ஏற்கெனவே வந்து, ப்ளக்கில் மீட்டரைச் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நூத்தி எழுபத்தெட்டு. தெருவுல அம்புட்டுப் பேரும் ஏசி போட்டிருக்காவ. டிரான்ஸ்பார்மர் அந்தக் கோடியில, நீங்க இந்தக் கோடியில. இங்க வாரதுக்குள்ள வோல்டேஜ் செத்துருது." சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக மேலே பார்த்தவர், "பாய், அதென்ன உங்க மாடியில போர்வை?" என்றார்.

"வெள்ளிக்கிழமை லீவுல்லா."

"லீவு உங்களுக்கு. சூரியனுக்குமா? உங்க கரண்டு மொதல்ல பக்கத்து வீட்டுக்குத்தான் பாய் வரும்! போய் எடுங்க!"

ஹுமாயூன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினார். செங்கல்லை எட்டி உதைத்துத் தார்ப்பாயை இழுத்தார். தகடுகள் மேல் வெயில் விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் இருந்த இன்வெர்ட்டர் பெட்டி யோசித்துக்கொண்டிருந்தது. அது முழித்துக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளம் என்றுதான் தெரியாது.

டிக்.

கீழேயிருந்து ஐயாதுரை கத்தினார். "நூத்தி எண்பத்தஞ்சு... நூத்தித் தொண்ணூத்தி மூணு... எரநூத்தி நாலு!"

அலறல் நின்றது. பிறகு மெஷின் புஸ்புஸ்ஸென்று மூச்சு விடும் சத்தம் மாடி வரை கேட்டது. ஹுமாயூனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கேயோ இருக்கிற சூரியன் இந்தத் தகட்டில் இறங்கி, கம்பியில் பத்தடி நடந்து, காசிராஜன் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. தலைக்கு மேலே கொளுத்தும் வெயிலை, முதன்முறையாகப் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்தார். கண் கூசி நீர் வழிந்தது.

கீழே இறங்கி வந்தவருக்குக் காசிராஜன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாலு வெள்ளிக்கிழமை நானே என் கையால மூடி வச்சிருக்கேன்ணே."

காசிராஜன் மாஸ்க்கைச் சற்றே விலக்கினார்.

"இன்னைக்குத் தொறந்துட்டேல்லா. தொழுகைக்கு நேரமாச்சு, போ."