ஞாழல் எழுந்திருக்கவில்லை

சத்யபிரியா படித்த வகுப்பில் மூன்று சத்யபிரியாக்கள் இருந்தார்கள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி கண்ணாடி, இவள் கட்டை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ‘கட்டை சத்யா’ என்றுதான் கூப்பிட்டார்கள். நாமக்கல் கல்லூரியில் தமிழ் படித்தபோது ஞாழல் என்ற பூவின் பெயர் கண்ணில் பட்டது. கடலோரத்துப் பூவாம். அவள் அதைப் பார்த்ததில்லை. அந்தப் பெயரில் ஒரு பெண்ணையும் பார்த்ததில்லை. மகள் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

மகளும் பிறந்தாள்.

மாமனார் அங்கமுத்து கோழிப்பண்ணை வைத்திருப்பவர். ஜோசியர் ‘யு’ என்ற எழுத்தைக் கொடுத்திருக்கிறார், யுவஸ்ரீ என்று வைக்கலாம் என்றார். மருமகள் சொன்ன பெயரையும் சொல்லிப் பார்த்தார். முதலில் ‘ஞாளல்’ என்று வந்தது, அடுத்து ‘நாயல்’.

“பள்ளிக்கூடத்துல நாயேன்னு கூப்புடுவாங்க அம்மிணி. இது நாக்குல நிக்கற பேரு இல்ல.”

“ஆக்சிடெட்ராசைக்ளின் நிக்குதுங்களே மாமா. கோழி மருந்துப் பேரே சொல்றீங்க, இது மூணு எழுத்துத்தானுங்க.”

அவர் எழுந்து பண்ணைக்குப் போய்விட்டார். கணவன் மோகன்குமார் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தான். சர்டிபிகேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று போனில் சொன்னான். சத்யபிரியா ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். கம்ப்யூட்டரில் அடித்தவர் முதலில் ஞானல் என்று அடித்தார், பிறகு நாழல் என்று. சுலபமாக ஒரு பெயர் வைக்கக் கூடாதா என்று சலித்துக்கொண்டார். சரியாக வரும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அங்கமுத்து அந்தப் பெயரைச் சொல்லாமலே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டார். வீட்டில் பேத்தியைச் சாமி என்று கூப்பிடுவார். வெளியாள் கேட்டால் யுவஸ்ரீ என்பார். எல்.கே.ஜி.யில் விட வேண்டிய முதல் நாள் சத்யபிரியா காய்ச்சலில் படுத்திருந்தாள். அவர்தான் மொபெட்டில் கூட்டிப்போனார். வகுப்பு டீச்சரிடம், சர்டிபிகேட்டில் என்ன இருந்தாலும் யுவஸ்ரீ என்றே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து தினமும் அவரே கொண்டுபோய் விட்டார்.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து வரச் சொன்னார்கள். சத்யபிரியா மாமனாரோடு போனாள். டீச்சர் பிரவீனா தயங்கித் தயங்கிப் பேசினார். வகுப்பில் ஏற்கெனவே இரண்டு யுவஸ்ரீ. பெயரைக் கூப்பிட்டால் அவர்கள் எழுந்து நிற்கிறார்கள், இவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காது கேட்பதில் குறை இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார்.

“யுவஸ்ரீயா? அது யாருங்க?” என்றாள் சத்யபிரியா.

அங்கமுத்து சுவரில் ஒட்டியிருந்த பழங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகளை அழைத்துவரச் சொன்னாள். பெயரைக் கூப்பிட்டால் ஏன் எழுந்திருப்பதில்லை என்று டீச்சர் குனிந்து கேட்டார்.

“அது என் பேரு இல்லீங்க மிஸ். நான் ஞாழல்.”

டீச்சர் சொல்லிப் பார்த்தார். குழந்தை இல்லையென்று தலையாட்டினாள். மூன்றாவது முறை சரியாக வந்தது. பிறகு அவள் தாத்தாவின் பக்கம் திரும்பினாள். நீங்களும் சொல்லுங்கள் என்றாள்.

“எனக்கு வராது சாமி.”

“அப்ப நானும் உங்க வண்டில வரமாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். மூன்று நாள் அவர் மொபெட்டைக் கிளப்பி நிறுத்துவார், அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போவாள். சமாதானம் செய்துவைக்க சத்யபிரியா முயலவே இல்லை. நான்காம் நாள் காலை அங்கமுத்து பண்ணையிலிருந்து நேராக வந்து வாசலில் வண்டியை நிறுத்தினார். தெருவில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, “ஞாழல்” என்றார். திருத்தமாக வரவில்லை. ‘ள’வுக்கும் ‘ழ’வுக்கும் நடுவில் எங்கோ நின்றது. பேத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

பள்ளியில் அந்தப் பெயர் பரவியது. ஒரு நாள் பள்ளி வாசலில், பிள்ளையை விட வந்த உண்ணாமலை என்ற பெண் சத்யபிரியாவை நிறுத்தினாள். அவளுக்கு அது ஏழாம் மாதம். பெண் பிறந்தால் அதே பெயரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சத்யபிரியாவுக்குச் சுருக்கென்றது. தன் மகளுக்கென்று போராடி வாங்கிய பெயர். ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை.

“வெய்யுங்க,” என்றாள். “யாராச்சும் வாயில வர்லீன்னு சொன்னா மட்டும் மாத்திராதீங்க.”