ஏழாம் எந்திரத்துக்குச் சாட்சி

வாருங்கள், செருப்பைக் கழற்ற வேண்டாம். பட்டப்பகலில் நடந்த திருட்டைப் பார்க்க வருகிறவர்கள் அவ்வளவு மரியாதை காட்ட வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தின் பின்தெருவில், கீழே பட்டறையும் மேலே ஓர் அறையுமாக நிற்கும் இந்தக் கட்டடத்தைப் பாருங்கள். கீழே பத்தொன்பது பெண்கள் பன்னிரண்டு தையல் எந்திரங்களைச் சுற்றி வெட்டியும் தைத்தும் கித்தான் துணியோடு மல்லுக்கட்டுகிறார்கள். மேலே ஒரு பூட்டுத் தொங்குகிறது. நடுவண் அரசின் ஏட்டில் இவற்றுள் எது தொழிற்சாலை தெரியுமா? பூட்டு!

பட்டறையின் சொந்தக்காரியைத் தெருவே கித்தானக்கா என்று அழைக்கும். பதினோராண்டுகளாக அஞ்சல் மூட்டைப் பைகளை யார் யாருக்கோ தைத்துக் கொடுத்தவள். தையல் அவளுடையது, பைமேல் அச்சிட்ட பெயர் எப்போதும் வேறொருவருடையது. அப்படியிருக்க, நடுவண் அரசு ஒருநாள் திருவாய் மலர்ந்தது: இவ்வாண்டு அஞ்சல் பை ஒப்பந்தத்தில் ஒரு பங்கு வட்டாரச் சிறுதொழில்களுக்கே! சொந்த இடம், சொந்த எந்திரம், சொந்த ஆட்கள் இருந்தால் போதும். அதிகாரி நேரில் வந்து பார்த்துச் சான்று தருவார். கித்தானக்கா விண்ணப்பித்தாள். கிடைத்தால் ஆண்டு முழுவதும் வேலை. கிடைக்காவிட்டால் பத்தொன்பது பேரில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த மாதமே மேலறைக்குக் கோட்டுக்காரர் வந்தார். கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத அவர், தலைநகரத்துப் பெருநிறுவனம் ஒன்றின் ஆள். வந்தார் என்பதுகூடத் தவறு. ஒரு பெயர்ப்பலகை வந்தது, ஒரு நாற்காலி வந்தது, பூட்டு வந்தது. ஒருநாள் காலையில் அவர் படியிறங்கிக் கீழே வந்தார்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. நாளைக்கு பாங்க்ல இருந்து ஒருத்தர் வர்றார். நம்ம மிஷினெல்லாம் லாரில வந்துட்டே இருக்கு. அரைநாள் மட்டும் உங்க பட்டறையைக் காட்டிக்கட்டுமா? கடன் கிடைச்சிடும்."

"உங்க போர்டை எங்க வாசல்ல மாட்டணுமா?"

"போட்டோவுக்குத்தான்கா. சாயங்காலமே கழட்டிடறேன். அக்கம்பக்கத்துல இதுகூட இல்லைன்னா எப்படி?"

வெட்டு மேசையில் நின்ற நாத்தனார் கத்திரியைக் கீழே வைத்தாள். "அண்ணி, வேலில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காதீங்க."

"அரைநாள்தானேடி. பாவம், பிழைக்க வந்த மனுஷன்."

மறைப்பானேன்? அந்தச் சிறிய பொய்க்கு அவளும் உடந்தைதான். இளகிய மனத்தை ஏணியாகப் போட்டு ஏறுகிறவர்கள் இருக்கும்வரை, இளகியவர்களும் கொஞ்சம் குற்றவாளிகளே. தரையைப் பெருக்கினாள், எந்திரங்களுக்கு எண்ணெய் விட்டாள், மறுநாள் நெற்றியில் மூக்குக்கண்ணாடியோடு வந்த அந்த 'பாங்க்காரருக்கு'த் தேநீரும் தன் கையாலேயே கொடுத்தாள். அவர் எந்திரங்களை எண்ணினார். கோட்டுக்காரர் ஏழாம் எந்திரத்தின் சக்கரத்தில் கைவைத்து, பிறந்ததிலிருந்து தைத்தவரைப்போல் படத்துக்கு நின்றார்.

இருபது நாள் கழித்து, அவளுடைய விண்ணப்பத்துக்கான அதிகாரி வந்தார். நெற்றியில் அதே மூக்குக்கண்ணாடி.

"இந்த மிஷினையெல்லாம் நான் ஏற்கெனவே பார்த்திருக்கேனேம்மா?"

"பார்த்தீங்க சார். அன்னைக்கு உங்களுக்கு டீ குடுத்ததே நான்தான். நீங்க பாங்க்காரர்னு சொன்னாங்க..."

"எந்த பாங்க்? நான் ஒப்பந்தத் துறை. இதெல்லாம் மாடிக் கம்பெனி மிஷின்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். அடுத்தவங்க சொத்தைக் காட்டி டெண்டர் வாங்கப் பார்க்கிறீங்களே, வெட்கமா இல்ல?"

"வெட்கமா?" நாத்தனார் முன்னால் வந்தாள். "அன்னைக்குச் சர்க்கரை பத்தலன்னு இன்னொரு ஸ்பூன் கேட்டீங்களே சார், அதைக் கொண்டுவந்து போட்டது எந்தக் கம்பெனி?"

அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் எழுதினார். எதிரில் பன்னிரண்டு எந்திரங்கள் தடதடக்கின்றன, ஊசி ஏறி இறங்குகிறது, வியர்வை வழிகிறது. கண் கண்டதைத் தள்ளிவிட்டுக் கை எழுதியதை நம்பும் அறிவை என்னவென்று புகழ்வது! ஒரு வாரத்தில் கடிதம் வந்தது: பிறர் உடைமையைத் தமதெனக் காட்டியதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. போலி, அசலைப் போலி என்றது. அரசு அதற்கு முத்திரை குத்தியது.

கடிதத்தின் பின்னாலேயே கோட்டுக்காரர் இறங்கி வந்தார், சிரிப்போடு. "மனசுல வெச்சுக்காதீங்கக்கா. தைக்கப்போறது என்னவோ நீங்கதானே! பாதி ரேட்டுக்கு எங்களுக்கே தைச்சுக் குடுங்க."

"உங்க லாரி எங்க தம்பி? இன்னும் வந்துட்டேதான் இருக்கா?" என்றாள் கித்தானக்கா. அன்றே ஆட்சேப மனு எழுதினாள்.

விசாரணை, ஒப்பந்த அலுவலகத்தின் கூட்ட அறையில். பொதுமக்களுக்கென முப்பது நாற்காலிகள். தலைமை அதிகாரி அவளிடம் எந்திரங்களுக்கு ரசீது கேட்டார். மூடிய ஆலை ஒன்றில் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, அவளே பழுது பார்த்து ஓட்டிய எந்திரங்களுக்கு ஏது ரசீது? கோட்டுக்காரரிடமோ மை காயாத ரசீதுகள், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. போட்டோவுல ஏழாம் மிஷின் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அதை முதல்ல எந்தப் பக்கம் சுத்தணும்னு சொல்லச் சொல்லுங்க," என்றாள் கித்தானக்கா.

"அதெல்லாம் எங்க டெக்னீஷியன் பார்த்துப்பாரு," என்றார் கோட்டுக்காரர்.

"அரைச்சுத்து பின்னால தள்ளிட்டுத்தான் ஓட்டணும். இல்லேன்னா நூல் அறுந்துடும். எங்க பட்டறையில பெருக்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும்!"

கோட்டுக்காரர் தம் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டார். தலைமை அதிகாரிக்குக் கொட்டாவி வந்தது. "இது பரீட்சை ஹால் இல்லம்மா. சாட்சி இருக்கா?"

"பத்தொன்பது பேர் வெளியில நிக்கிறாங்க."

"உங்ககிட்டக் கூலி வாங்கறவங்க செல்லாது. தெருக்காரங்க யாராவது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வருகிறேன் என்று சத்தியம் செய்த அட்டைப்பெட்டிக்காரர் இல்லை. கட்டாயம் வருவேன் என்ற அச்சகக்காரரும் இல்லை. இருவருக்கும் முந்தின நாள்தான் மாடியிலிருந்து சிறு சிறு வேலைகள் இறங்கியிருந்தன. எலும்புத் துண்டுக்கு வாலாட்டுவதைப் 'பிழைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் ஆண்மக்கள்! முப்பது நாற்காலிகளில் அவளும் நாத்தனாரும் போக இருபத்தெட்டு காலி.

"அடுத்த செவ்வாய், பத்தரை மணி. அன்னைக்கும் வெளிச்சாட்சி இல்லேன்னா ஒப்பந்தம் மாடிக் கம்பெனிக்கு," என்று அதிகாரி கோப்பை மூடினார்.

"இனி என்ன அண்ணி செய்யறது?" என்றாள் நாத்தனார் படியிறங்கும்போது.

"தெருவுல ஒவ்வொரு கதவாத் தட்டறது."

தட்டிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கதவையும் தட்டுவாள். பதினோராண்டாக அந்தத் தெருவில் நடந்தவர்களே! எந்திரச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று அவளோடு சண்டைக்குப் போனவர்களே! அந்தச் சத்தம் கீழிருந்து வந்ததா, மேலிருந்து வந்ததா? உங்களிடம் கேட்பது அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி, இருபத்தெட்டு நாற்காலிகள். பூட்டுக்குப் பயந்து வீட்டில் கிடக்காதீர்கள். வந்து உட்காருங்கள், எழுந்து நின்று சொல்லுங்கள்!