மணைப்பலகையில் ஒரு எருமை

சென்றாயனுக்குச் சித்திரம் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கையில் வந்தது, மரத்தில் வந்தது. காகிதத்தில் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

பட்டணத்தில் சித்திரப் பள்ளி மாணவன் அவன். லீவு முடிந்து போகும்போது, தானே செதுக்கிய மரக்கட்டையிலிருந்து சுத்தமாக அச்செடுத்த ஒரு படம் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் மேல் வகுப்பு கிடையாது. அவனுடைய அப்பா மாதேஸ் அதற்காகவே காத்திருந்தார். "படம் வரலன்னா பரவால்லடா, ஏரு சும்மாதான் கெடக்குது" என்று தினமும் ஆறுதல் சொன்னார்.

யுத்த காலம். பென்னாகரம் கடைவீதி முழுக்கத் தேடியும் அச்சு மை கிடைக்கவில்லை. விருந்தாளிகள் உட்காரும் மணைப்பலகையின் அடிப்பக்கத்தில் வீட்டு எருமையைத் திருட்டுத்தனமாகச் செதுக்கியாயிற்று, மைக்கு என்ன செய்வது? களிப்பானையின் அடிக்கரியைச் சுரண்டி விளக்கெண்ணெயில் குழைத்தான். வழிந்தது. வெல்லப்பாகு சேர்த்தான். எறும்புகள் வந்து வாலைத் தின்றுவிட்டுப் போயின. கடைசியில் கேழ்வரகுக் கூழைக் கலந்ததும் மை சொன்ன பேச்சைக் கேட்டது.

அழுத்தம்தான் போதவில்லை. குழவியை உருட்டினால் கொம்பு வந்தது, கால் வரவில்லை. தானே ஏறி நின்று பார்த்தான். ஒல்லிப்பிச்சான் உடம்பு, என்ன பிரயோசனம்? பனிமூட்டத்தில் நின்ற எருமை மாதிரி மங்கலாக ஏதோ விழுந்தது. நல்ல காகிதம் இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

அன்று பலகையில் மை தடவி முடித்த நேரம், வாசலில் வண்டிச் சத்தம். தங்கை தீர்த்தம்மாளைப் பெண் பார்க்க, மாப்பிள்ளையின் அப்பா மாரப்பன் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்துவிட்டார். அவர் இறங்கியதும் வண்டி ஒரு சாண் நிமிர்ந்தது. சென்றாயன் சட்டை தேடி உள்ளே ஓடினான்.

பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்பியவன் பாதி வழியிலேயே நின்றுவிட்டான். பதற்றத்தில் அப்பா கைக்குக் கிடைத்த பலகையை, செதுக்கிய பக்கம் மேலாக அப்படியே தூக்கிப் போட்டிருந்தார். அடுப்புப் புகையில் கறுத்த மரத்தில் மை எங்கே தெரியப்போகிறது! வெள்ளை வேட்டியோடு எருமைமேல் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாரப்பன் சாட்சாத் எமதர்மராஜாவாகவே தெரிந்தார். அவர் எழுந்திருக்கவே கூடாது என்று சென்றாயன் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டான்.

எழுந்தார். வெற்றிலை துப்ப வாசலுக்குத் திரும்பினார். பின்பக்கம் எருமை. நான்கு கால், வால் நுனி, முதுகு மயிர் ஒவ்வொன்றும்!

பயமெல்லாம் பறந்தது.

"அசையாம நில்லுங்க மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி, அவர் பின்னால் மண்டிபோட்டான். மாதேஸ் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கதவோரம் தலைகுனிந்து நின்ற தீர்த்தம்மாள் தாங்கமாட்டாமல் குபீரென்று சிரித்துவிட்டாள்.

மாரப்பன் தன் பின்பக்கத்தைப் பார்க்கத் தன்னையே இரண்டு சுற்று சுற்றினார். முடியாமல் துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியை விரித்துப் பார்த்தார்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தாங்க. எத்தன தடவ போட்டாலும் வெளங்கல. நீங்க ஒக்காந்ததுமே வந்துட்டுதுங்க."

"என் ஒடம்பாலயா?"

"சத்தியமா ஒங்க ஒடம்பாலதாங்க."

மாரப்பன் முகம் மலர்ந்தது. "இந்த ஒடம்பப் பாத்து வண்டிக்காரன்கூட மொனகறான். ஒரு நல்ல காரியத்துக்கு ஆச்சுன்னு இன்னிக்குத்தாண்டா கேக்கறேன். வை காயிதத்த!"

சென்றாயன் மறுபடி மை தடவி, கடைசிக் காகிதத்தை விரித்தான். அவர் கோயிலில் உட்காருவது போல் பக்தியோடு அமர்ந்தார். "மூச்சு வுடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

லீவு முடிந்தது. பள்ளியில் வாத்தியார் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அழுத்தம் அபாரமாக விழுந்திருக்கிறதே! எந்தப் பிரஸ்?"

"பிரஸ் இல்லீங்க சார்" என்றான் சென்றாயன். "எங்க தங்கச்சியோட மாமனாருங்க."