எந்த விரல்

அக்கா குளியலறையில் விழுந்த சத்தம் தையல் மெஷினின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. யாரோ ஒருவருடைய பேண்ட் காலை மடித்து அடித்துக்கொண்டிருந்தவள் பெடலிலிருந்து காலை எடுத்தேன். தடாலென்று ஒரு சத்தம், பிறகு வாளி உருளும் சத்தம், பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். அக்காவின் குரல் மட்டும் வரவில்லை.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். நானும் அவளும் கூடப் பிறந்தவர்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து ஊரார் துணிகளைச் சின்னதாக்கியும் பெரிதாக்கியும் காலம் தள்ளுகிறவர்கள். ஆனாலும் குளிக்கப் போனால் தாழ்ப்பாள், துணி மாற்றினால் தாழ்ப்பாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

“அக்கா, அடி பட்டுச்சா?”

“சுடுதண்ணி…” என்றாள்.

விழும்போது சுடுதண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கிறாள், அது முழுசாகத் திறந்துகொண்டுவிட்டது. வெளிச்சுவரில் இருந்த ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன். அணைத்து என்ன பிரயோஜனம்? ஹீட்டர் தொட்டி நிறையக் கொதித்த தண்ணீர் இருந்தது. அது கொட்டிக்கொண்டேதான் இருந்தது.

அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. தோளால் இடித்தால் சட்டத்தில் இன்னும் இறுகுமே தவிரத் திறக்காது. தாழ்ப்பாளோ கதவின் உச்சியில் இருக்கிறது. நின்றால்தான் எட்டும். மாடி வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. தெரிந்த தச்சர் எடுத்தார். ஊரின் அந்தக் கோடியில் வேலையாக இருப்பதாகவும் உடனே கிளம்புவதாகவும் சொன்னார். அவர் வந்து சேர்வதற்குள் இவள் வெந்துபோவாள் என்று நினைத்தபோது கையிலிருந்த போன் நழுவிக் கீழே விழுந்தது.

நானும் அப்படியே தரையில் படுத்தேன். கதவுக்கும் படிக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டு. கன்னத்தைப் படியில் வைத்துப் பார்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அக்காவின் முழங்கையும் ஈரத் தலைமுடியும் மட்டும் தெரிந்தன. தலை கதவுப் பக்கம், கால் குழாய்ப் பக்கம். தண்ணீர் வெளியே போகிற ஓட்டையை அவளுடைய துண்டு அடைத்துக்கொண்டிருந்ததால் தண்ணீர் தேங்கி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“கால்ல படுது. எரியுதுடி.”

“காலை இழுத்துக்கோ. குப்புறத் திரும்பு. உன் யோகாக்காரி சொல்லுவாளே, தரையிலேர்ந்து எப்படி எழுந்திரிக்கணும்னு, அதைச் செய்.”

“தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல. நீ சொல்லு, நான் செய்யறேன்.”

அந்த யோகாக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டைக் கவனிக்கச் சொல்லி டாக்டர் அக்காவை எச்சரித்திருந்தார். மூட்டு என்றால் எங்களுக்கு முழங்கால்தான். தைலம், உறை, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் முழங்காலுக்கே போயின. அப்புறம்தான் அக்கா தெருக்கோடியில் இருந்த வகுப்புக்குப் போனாள். முழங்காலைத் தவிரவும் உடம்பில் மூட்டுகள் உண்டு, நாம் கண்டுகொள்ளாமல் விட்டவைதான் வயதான காலத்தில் காலை வாரிவிடும் என்று அந்தப் பெண் சொன்னாளாம். அவள் குரலைப் போனில் பிடித்துவைத்துக்கொண்டு அக்கா தினமும் காலையில் தன் அறையில் போட்டுக் கேட்பாள். அதற்கும் தாழ்ப்பாள். எந்த சர்க்கஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் கதவுக்கு வெளியே நின்று கிண்டலடிப்பேன். கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். கண்ணால் மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். கவிழ்ந்து படுங்க. முட்டி போடுங்க. உள்ளே அவள் முனகிக்கொண்டே புரளுவது கேட்டது. ஈரத் துணி தரையில் உரசியது.

“முட்டி போட்டுட்டேன். அப்புறம்?”

“விரல்களை மடக்கி ஊன்றுங்க. உடம்பை மெதுவா மேல தூக்குங்க.”

அவள் கை இடுக்கு வழியாகத் தெரிந்தது. ஐந்து விரலையும் மடக்கினாள். முஷ்டியைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள். ஈரத் தரையில் அந்த முஷ்டி வழுக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். மறுபடியும் தொப்பென்று விழுந்தாள், இந்த முறை முகம் அடிபட்டது.

நான் அல்லவா செய்யச் சொன்னேன். என் கையால் அவளைத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இப்படியே இவள் பேசாமல் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரைத் திட்டிக்கொண்டு உயிர் வாழ்வது என்று பயந்தேன். அப்படி ஒரு பயத்தை என் ஆயுசில் பட்டதில்லை.

“ரத்தம் வருது” என்றாள் மெல்ல. அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு உயிர் திரும்பியது.

எங்கே தப்பு? மறுபடியும் மனசுக்குள் அந்தக் குரலை ஓடவிட்டேன். விரல்களை மடக்கி ஊன்றுங்க. அந்த இடத்தில் அந்தப் பெண் தினமும் லேசாகச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, ஆயுசு பூரா செருப்புக்குள்ள தூங்கின விரல்கள், முதல்ல கொஞ்சம் சிணுங்கும், விடாதீங்க என்பாள்.

செருப்புக்குள். அட மக்கு, கையிலா செருப்புப் போடுகிறோம்?

“அக்கா, கால் விரல். கை இல்ல, கால் விரலை மடக்கித் தரையில ஊன்று.”



“அங்க சுடுதண்ணி நிக்குதுடி” என்றாள்.

எனக்குத் தெரியும். வேறு வழி இல்லை என்பதும் தெரியும். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

“ஊன்றுக்கா” என்றேன்.

ஊன்றினாள். அவள் போட்ட அலறலை எழுத எனக்குத் தெம்பில்லை. அலறிக்கொண்டே உடம்பைப் பின்னால் கொண்டுபோய், குந்தி, சுவரைப் பிடித்து, எழுந்தாள். உள்ளங்கை கதவில் தடவித் தடவி மேலே ஏறுவது கேட்டது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு திறந்து என் தோளில் இடித்து நின்றது.

“தள்ளிப் படுடி.”

சுவரோரமாக உருண்டேன். சட்டத்தைப் பிடித்தபடி வெளியே வந்தாள். உதடு கிழிந்திருந்தது. இரண்டு பாதமும் வெந்து சிவந்திருந்தன. எதிரில் கிடந்த ஸ்டூலில் போய்ச் சரிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

“காலுக்குப் பச்சைத் தண்ணி ஊத்துடி. சீக்கிரம். தாங்க முடியல.”

“இதோ வரேன்க்கா” என்று எழப்போனேன்.

கையை ஊன்றினேன். மணிக்கட்டு உடம்பைத் தாங்காமல் மடிந்துகொண்டது. எதை நினைத்துத் தரையில் படுத்தேன், எப்படிப் படுத்தேன், எனக்கே நினைவில்லை. புரண்டு முட்டி போட்டேன். கால் விரல்களை மடக்கினேன். அவை மடங்கவில்லை. மறுபடியும் மடக்கினேன். மரக்கட்டையை மடக்குகிற மாதிரி இருந்தது. கணுக்கால் சுளீரென்று இழுக்க, பக்கவாட்டில் சாய்ந்தேன்.

“என்னடி பண்ற? எரியுதுடி.”

சமையலறைக் குழாய் என் கண்ணுக்கு எதிரில்தான் இருந்தது.

“வரேன்க்கா” என்றேன், தரையில் கிடந்தபடியே.