ஏழாம் பக்கத்துப் படை

1

இந்தக் கதை வானத்திலிருந்து குதித்ததல்ல. நான் எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தால் வந்த வினை. மூடி மறைத்துப் பயனில்லை, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளுக்கான கையேடுகளை எழுதுவது என் பிழைப்பு. சர்க்கரை நோய்க்கு ஒன்று, பல் துலக்க ஒன்று, மாத்திரையை நேரத்துக்கு விழுங்க ஒன்று. இரண்டாம் மாடியில், பழைய எக்ஸ்ரே உறைகளை அடுக்கி வைத்திருக்கும் அறையில் எனக்கும் ஒரு மேஜை உண்டு. ஒரு நாள் காலை ஒரு பெண் உள்ளே வந்தாள். கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கி பார்ப்பவள். 'நம் உடலின் நோய் எதிர்ப்பு' என்ற எட்டுப் பக்கக் கையேட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். ஏழாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு.

"இத எழுதினது நீங்களா?"

எழுதுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருப்போம். பாராட்டு என்றால் "ஏதோ கிறுக்கினேன்", திட்டு என்றால் "பல பேர் சேர்ந்து எழுதினது". எது வரப்போகிறது என்று அவள் முகத்தில் தெரியவில்லை. நான்தான் என்றேன்.

"இந்த ஒரு வரியால என் தம்பி மூணு நாள் கைய மறைச்சு வச்சுக்கிட்டான்."

(நேரில் அவரை நான் "நீங்க" என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் "அவள்" ஆகிவிட்டார். கதை சொல்கிறவர்களின் திமிர் அது. மன்னிக்கச் சொல்லிக் கேட்டாயிற்று, "பரவால்ல" என்று அவரும் சொல்லிவிட்டார்.)

2

இந்தக் கதையின் முதல் வரிக்காக நான் பட்டது நாய் படாத பாடு.

"மனித உடல் ஒரு கோட்டை. அதன் வாயிலில் காவலர்கள் இரவும் பகலும்—"

வேண்டாம். என்னை வம்பில் மாட்டிவிட்டதே இந்தக் கோட்டைதான்.

"ஒரு சொட்டு ரத்தத்தில் அவள் தன்னையே தேடிக்கொண்டிருந்தாள்."

இது அழகாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவளிடம் படித்துக் காட்டினேன். "நான் என்னைத் தேடலைங்க. நியூட்ரோஃபில் தேடினேன்" என்றாள்.

"தம்பி லிஃப்ட் மெக்கானிக்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. இங்கிருந்தே போவோம்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வயது. பெற்றோர் போன பிறகு அக்காவும் தம்பியும் மட்டும் நான்காம் மாடி வீடொன்றில் இருக்கிறார்கள். இவள் பேசிச் செலவழிக்கத் தயங்கும் வார்த்தைகளையெல்லாம் அவன் சேர்த்துப் பேசிவிடுவான். பேசாத நேரத்தில் விரல்களால் மேஜையில் தாளம் போடுவான். எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் அக்காவுக்கு அவன் வைத்த பெயர் சி.ஐ.டி.

போன வருடம் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்தில் ஒருமுறை அடங்கி, மறுபடி தலைதூக்கியது. எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜையையே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். கூடப்பிறந்தவர்களாக இருந்தாலும் மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அவளுடையது பொருந்தியது.

3

இனிக் கொஞ்சம் பாடம். தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம், ஆனால் தாண்டினால் ஐந்தாம் பகுதியில் முழிப்பீர்கள்.

என் கையேட்டில் இதையெல்லாம் போராகவே எழுதியிருந்தேன். தோல் மதில், வெள்ளணுக்கள் சிப்பாய்கள், நிணநீர்க் கணுக்கள் பாசறை. அவள் அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "படைன்னா கட்டளை போட ஒருத்தர் வேணுமில்ல? அங்க தளபதின்னு யாரும் கெடையாதுங்க. ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்குது, அவ்வளவுதான்."

சரி, அவள் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்க்கிறேன்.

தம்பியின் விரலை ஸ்பானர் கீறிவிட்டது என்று வையுங்கள். தோல் இருக்கும்வரை கிருமிகளில் முக்கால்வாசி உள்ளே வர முடியாது. இப்போது வழி கிடைத்துவிட்டது. சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து குவியும். யார் எவர் என்று விசாரிக்காமல் கண்ட கிருமியை விழுங்கி, தாங்களும் சாகும். அவற்றின் ஆயுளே ஓரிரு நாள். நாம் சீழ் என்று முகம் சுளிப்பது பெரும்பாலும் இவற்றின் பிணங்களைத்தான்.

வேறு சில செல்கள் கிருமியை விழுங்கியதோடு நிற்பதில்லை. அதன் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகும். (காய்ச்சல் வந்தால் கழுத்தோரம் நெறி கட்டுமே, அந்த இடம்.) அங்கே லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் லட்சக்கணக்கானவற்றிடம் அந்தத் துண்டைக் காட்டும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அறியும் பிறவி. பொருந்துவது ஒன்று அகப்பட்டதும் அது பல்கிப் பெருகும். இவற்றில் பி செல்கள் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்து அனுப்பும், அது போய்க் கிருமிமேல் ஒட்டிக்கொள்ளும். டி செல்களில் ஒரு வகை, கிருமி புகுந்த செல்லையே கொல்லும். இதற்கெல்லாம் ஒரு வாரத்துக்கு மேலாகலாம். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை இறந்துபோக, சில மட்டும் வருடக்கணக்கில் நினைவோடு இருக்கும். அதே கிருமி மறுபடி வந்தால் வாரக்கணக்கு ஆகாது. நோயைக் கொடுக்காமல் நினைவை மட்டும் கொடுப்பதுதான் தடுப்பூசி.

இதுவரை எல்லாக் கையேட்டிலும் இருக்கும். என் வாக்கியம் இதற்கு அடுத்த இடத்தில்தான் சறுக்கியது.

கிருமி எது, தன் உடம்பு எது என்று டி செல்லுக்கு எப்படித் தெரியும்? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சிறிய உறுப்பு. இளம் டி செல்கள் அங்கேதான் பரீட்சை எழுதுகின்றன. சொந்த உடம்பைப் பிடித்துக்கொண்டு உலுக்குபவை அங்கேயே அழிக்கப்படும். நூற்றில் சிலதான் தேறி வெளியே வரும்.

அக்காவின் டி செல்களும் அப்படித் தேறியவைதான். ஆனால் அவை படித்த பாடப் புத்தகம் அக்காவின் உடம்பு.

4

மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவைக்க ஐந்து நாள் அக்காவுக்கு ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பெல்லாம் வலித்தது. பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குப் போய், ஸ்டெம் செல்களை அங்கே விட்டுவிட்டு மறு கைக்குத் திரும்பியது. மேல்மாடியில் தம்பியின் பழைய மஜ்ஜையை மருந்தால் துடைத்து வைத்திருந்தார்கள். அக்காவின் செல்களை அவனுக்கு ஏற்றியது, பார்க்க ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருந்தது. ஒரு பை, ஒரு குழாய். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்றான் தம்பி.

அடுத்த இரண்டு வாரம் அவன் உடம்பில் வெள்ளணுக்கள் இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைந்துவிட்டன. சாதாரண சளிகூட அவனைக் கொண்டுபோயிருக்கலாம். "கவுண்ட் எங்கயோ ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு, நம்ம கம்பெனிக்குப் போன் போடு" என்பான்.

சொந்தக்காரர்களின் ரத்தத்தை அவள் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது, விதி அப்படி. சக ஊழியர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அவள் அதே கண்ணாடித் துண்டை எடுத்துத் தன் நுண்ணோக்கியில் வைப்பாள். செல் ஏற்றிய பதின்மூன்றாம் நாள் முழுத் துண்டையும் துழாவினாள். ஒரு மூலையில் இரண்டு நியூட்ரோஃபில். ஊதா நிறக் கரு, மூன்று மடிப்பு. அவளுடையவை, அவன் ரத்தத்தில். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். இரண்டுதான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

5

இருபத்து நான்காம் நாள் வீட்டுக்கு வந்தான். தினமும் உள்ளங்கை, உள்ளங்கால், காதோரம் பார்க்க வேண்டும், சிவந்தால் அன்றே கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடவே என் கையேடும் போனது. தினமும் பார்க்கிற வேலையை அவனே ஏற்றுக்கொண்டான்.

முப்பதாம் நாள் காலை அவன் கம்பளிக் கையுறையோடு சாப்பிட உட்கார்ந்தான். குளிர் என்றான். மறுநாளும் குளிர். மூன்றாம் நாள்தான் மேஜையில் தாளம் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"பக்கத்து வீட்டுக்காரங்க புகார் சொல்லப் போறாங்கன்னுதான்."

"இருபது வருஷமா சொல்லாத புகாரா? கையுறையக் கழட்டு."

"குளிருதுக்கா."

"கழட்டுடா."

கழற்றினான். இரண்டு உள்ளங்கைகளும் சூடு பட்டது போல் சிவந்திருந்தன.

"எத்தன நாளா?"

"மூணு."

"ஏன் சொல்லல?"

அவன் எழுந்து போய்க் கையேட்டை எடுத்துவந்து ஏழாம் பக்கத்தைக் காட்டினான். அங்கே நான் எழுதியிருந்தது இதுதான்: "தானம் தந்தவரின் படை, தனக்கு இடம் கொடுத்த உடலையே எதிரியாகக் கருதித் தாக்கத் தொடங்கும்."

"நீ இதப் படிச்சா உனக்குச் சோறு தண்ணி எறங்காது. தானாப் போயிடும்னு பாத்தேன்" என்றான்.

[முதல் படியில் இந்த இடத்தில் அவளைக் கத்த வைத்திருந்தேன். "நான் கத்தலையே" என்றாள். பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு தடவை வந்து போன பிறகுதான் சொன்னாள். டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தாளாம். எண்ணை அழுத்தாமல் நின்றாளாம். தாக்குறது நானா, அதுவும் என் தம்பியையா என்ற நினைப்பு மட்டும்தான் ஓடியதாம். அழுகை வந்ததாம். அதன் பிறகுதான் கூப்பிட்டாளாம். கத்தாத அக்கா இருப்பாளா என்று நான் சந்தேகப்பட்டது அநியாயம்.]

"மூணு நாள் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். செல்களை அடக்கி வைக்க ஸ்டீராய்டு ஆரம்பித்தார். "மொத்தமா அடக்கிடவும் கூடாதும்மா. மிச்சம் மீதி புற்றுசெல் இருந்தா, அதையும் இதே செல்லுங்கதான் தேடிப் பிடிக்கும். இந்தச் சிவப்பு கொஞ்சம் இருக்கலாம். ஆனா தோலோட நிக்கணும். கல்லீரலுக்கும் குடலுக்கும் போயிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: "கேட்டியா சி.ஐ.டி? கொஞ்சம் திட்டலாமாம். அளவாத் திட்டணுமாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை, எழுதும்போது.

6

முடிவுகள்.

ஒன்று. சிவப்பு மறைகிறது. ஆபத்துக் காலம் என்று சொல்லப்படும் நூறாம் நாள் தாண்டுகிறது. பழைய மஜ்ஜையோடு பழைய நினைவும் போய்விட்டதால், சில மாதம் கழித்துக் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளையெல்லாம் அவன் மறுபடி போட்டுக்கொள்கிறான். "அழாம இருந்தா மிட்டாய் உண்டா?" என்று நர்ஸிடம் கேட்கிறான். அவள் படித்துவிட்டு, "இப்பவே எழுதாதீங்க" என்றாள்.

இரண்டு. இதை ஒரே தாளில் பேனாவால் எழுதியிருந்தேன். அவள் ஒருமுறை படித்தாள், நாலாக மடித்தாள், கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் நகல் இல்லை. கேட்கவும் மனசு வரவில்லை. ஆகவே அதை உங்களுக்குத் தர முடியாது.

மூன்று. "உண்மையைச் சொன்னால் அப்படி ஓர் அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை, எல்லாமே என் கற்—"

இது நழுவல். அடித்துவிட்டேன்.

7

இன்று நாற்பத்தோராம் நாள். கையின் சிவப்பு குறைந்திருக்கிறது. ஆனால் நேற்றிலிருந்து அவன் கண்ணின் வெள்ளையில் லேசாக மஞ்சள் தெரிகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாள். காலையில் கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். அவன் கீழே புறநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ரிப்போர்ட் வரும்வரை என் அறையில் இருக்கலாம் என்று அவள் மேலே வந்தாள். கையேடு மறுபடி அச்சுக்குப் போகிறது. ஏழாம் பக்கத்தைப் புதிதாக எழுதிக் காட்டினேன்.

"உள்ளங்கை சிவந்தால் அன்றே சொல்லுங்கள். வந்த செல்களுக்கு இந்த உடம்பு இன்னும் பழகவில்லை என்று பொருள். மருந்து இருக்கிறது. தந்தவர்மேல் குற்றமில்லை."

அவள் பென்சிலை எடுத்துக் கடைசி வரியை அடித்தாள்.

"ஏங்க?"

"குற்றம்னு நெனப்பே இல்லாதவங்களுக்கும் இது நெனப்ப உண்டாக்கும்."

அடித்த இடத்தில் வேறு என்ன எழுதலாம் என்று கேட்டேன். பென்சிலை என்னிடம் நீட்டினாள். "தந்தவங்ககிட்டயும் சொல்லுங்கன்னு போடுங்க. மறைக்காம."

போட்டேன். அப்போது அவள் போன் அடித்தது. கீழ்த்தளத்து ஊழியர். ரிப்போர்ட் வந்துவிட்டது, நேரில் வந்து பார் என்றாராம். என்ன என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எழுந்தாள். எனக்கு வெட்கம் இல்லை, கேட்டேவிட்டேன்: "பாத்துட்டு ஒரு வார்த்த சொல்றீங்களா? கதைய முடிக்கணும்."

"கதைக்கு அது வேணாங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "எனக்குத்தான் வேணும்."

கதவு வரை போனேன், அதற்கு மேல் போகவில்லை. அவள் படியிறங்குகிறாள். இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது, அதைத் தாண்டினால் பெஞ்ச். அவன் இவளைப் பார்த்துவிடுவான், இருவரும் சேர்ந்து போய் அந்தத் தாளை வாங்குவார்கள். உங்களுக்கு மனசு கேட்காவிட்டால் அவளோடு போங்கள். போகிறவர்கள் எதுவும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும்.