ஈசானிய லிங்கத்துத் திருப்பம்

வேங்கிக்கால் வீட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறியதும் இளவரசன் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்ன ஜி.பி.எஸ். பெட்டியைத்தான் முதலில் தட்டினான். போளூரிலிருந்து துணைக்கு வந்திருந்த அக்கா அன்புச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்டா, மாமியார் வீட்டுக்குப் போறதுக்கா இது? கண்ணக் கட்டி விட்டாலும் போய்ச் சேந்துடுவியே."

"இருக்கட்டும்க்கா."

எம்.காம். முடித்துவிட்டுச் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறவன். பெங்களூர் சவாரிகளுக்கென்று வாங்கிய பெட்டி அது. மனைவி கவிநிலா பிரசவத்தில் போன பிறகு ஊருக்குள் ஓட்டும்போதும் அதை அணைப்பதில்லை. எங்கே திரும்ப வேண்டும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வரும். தப்பாகப் போனாலும் திட்டாது. கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு வழி சொல்லும். எதையும் தானாக முடிவு செய்ய வேண்டியதில்லை. வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சவாரி இல்லாத நாளிலும் செங்கம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவான்.

இன்றைக்குப் போவது சவாரிக்கு அல்ல. அடி அண்ணாமலையில் மாமியாரிடம் வளரும் மகள் யாழினியை அழைத்துவர வேண்டும். மாமியார் மணியம்மாள் ஏற்கனவே பல தடவை நாளைத் தள்ளிவிட்டாள். முதலில் ஆடி. பிறகு சளி. பிறகு பல் முளைக்கிறது. கடைசியாக, "புதன்கிழமை வாங்க மாப்ள. பன்னெண்டு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள குழந்தை உங்க வீட்டுக்குள்ள போயிடணும். மறுநாள் மார்கழி பொறக்குது. விட்டா தைதான்" என்றாள். தை பிறந்தால் வேறொரு சாக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும்.

ஈசானிய லிங்கத்தருகே கிரிவலப் பாதை பிரிகிறது. பெட்டியில் ஆகக் குறைந்த தூரம் என்பதைத்தான் அவன் எப்போதும் தேர்ந்து வைத்திருப்பான். அது குபேர லிங்கம் பக்கம் திரும்பச் சொன்னது.

"டேய், டவுன் வழியா போ. மலைய வலமாப் போய்த்தான் கூப்பிடணும். நல்ல காரியம்."

"அது சுத்துக்கா. செங்கம் ரோட்டுல டிராஃபிக் ஜாஸ்தி."

"இருந்தா இருக்கட்டுமே."

அவன் பெட்டி சொன்ன பக்கமே திருப்பினான். மலை இடது கைப் பக்கம் வந்தது. அவன் கடைசியாக இடஞ்சுற்றியது தோளில் பானையோடு, சுடுகாட்டில் கவிநிலாவின் சிதையை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெட்டி வேகத்தைக் குறைக்கச் சொன்னது. குறைத்தான்.

மணியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். கார் செங்கம் ரோட்டுப் பக்கமிருந்துதான் வரும் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டதும் திரும்பினாள். முகம் மாறிவிட்டது.

"குபேர லிங்கத்துப் பக்கமாவா வந்தீங்க?"

"கிட்டத்து வழி அத்த."

"எம் பேத்தியக் கூப்பிட மலைய இடஞ்சுத்தி வந்தீங்களா? சாவு வீட்டுக்கா வந்தீங்க?"

"திரும்பிப் போறப்ப மலை வலமாத்தானே வரும். சரியாப் போயிடும்."

"வந்த வழியே திரும்புனா அது சுத்துனதாயிடுமா? படிச்சவருன்னு பேரு."

"நான் சொன்னேங்க அத்த" என்றாள் அன்புச்செல்வி. "அந்தப் பெட்டிக்காரி பேச்சத்தான் கேப்பான். அவ எந்த ஊருக்காரியோ. மலையும் தெரியாது, சாமியும் தெரியாது."

மணியம்மாள் சிரிக்கவில்லை. "முழுசா ஒரு சுத்து வலமாப் போயிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

முழுச் சுற்று முடித்துக் குழந்தையோடு வீடு போய்ச் சேர்வதற்குள் ராகு காலம் பிறந்துவிடும். அது அவளுக்கும் தெரியும். இளவரசன் அவள் கையைப் பார்த்தான். குழந்தையின் பாதத்தை இறுகப் பிடித்திருந்தது. அவள் பயந்தது மலைக்காக மட்டும் இல்லை.

"குழந்தையோடவே சுத்தலாம் அத்த" என்றான். "நீங்களும் ஏறுங்க."

அந்த வீட்டில் அவன் தானாக ஒன்று சொல்லி வெகுநாள் ஆகிறது. மணியம்மாள் கதவை மட்டும் பூட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மலை இப்போது வலது பக்கம் வந்தது. போகுமிடமாகப் பெட்டியில் வீட்டைத்தான் வைத்திருந்தான், விரல் பழக்கம். குழந்தை பாட்டி மடியில் தூங்கிப் போயிற்று. ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

ஈசானிய லிங்கம் வந்தது. நேரே போனால் டவுன், மீதிச் சுற்று, ராகு காலம், தை. வேங்கிக்கால் பக்கம் திரும்பினால் பன்னிரண்டுக்குள் வீடு. திரும்பு என்றது பெட்டி. திருப்பினால் குழந்தை அவனுடையது. பின்னால் இருக்கிறவள் கத்த மாட்டாள். அதுதான் அவனைத் தடுத்தது.

திருப்பத்திலேயே காரை நிறுத்திவிட்டான். பெட்டி மறுபடி சொன்னது. அதை அணைத்தான்.

"அத்த, எந்தப் பக்கம் போகட்டும்?"

"அது என்ன சொல்லிச்சு?"

"வீட்டுக்குப் போகச் சொல்லிச்சு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

பின்னால் பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "யோவ், உங்க வீட்டுப் பஞ்சாயத்த வீட்ல வச்சிக்கய்யா! வழிய விடு!"

இளவரசன் பின்சீட்டுப் பக்கம் திரும்பினான். "எனக்குக் குழந்தை வேணும் அத்த."

மணியம்மாள் வெளியே பார்த்தாள். தூங்குகிற குழந்தையின் நெற்றியில் வியர்வையைத் துடைத்தாள்.

"திருப்புங்க" என்றாள்.

"மீதிச் சுத்து?" என்று அன்புச்செல்வி மெல்லக் கேட்டாள்.

"பௌர்ணமிக்கு நான் நடந்து முடிச்சிக்கறேன். சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

கார் வேங்கிக்கால் ரோட்டில் திரும்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"மாத்துப் பொடவகூட எடுத்தாரல. அன்பு, உங்கிட்ட ஒண்ணு இருக்குமா?"

"ரெண்டு இருக்குங்க அத்த."