ஏழாம் வகுப்புத் தொட்டியில் கடல்

கரையாம்புத்தூர்ப் பள்ளியின் ஏழாம் வகுப்பில், ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் அலை அடிக்கத் தொடங்கியது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு. அதன் பிறகு அது நிற்கவில்லை. அறிவியல் ஆசிரியை ஜோஸ்பின் பூரணாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவர். கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டக் குழாய்த் தண்ணீரே போதும்தான். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் கடலை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை என்பதால், வீட்டுக்கு எதிர்க் கரையில் இரண்டு கேன் நிறையக் கடல் தண்ணீர் மொண்டு வந்திருந்தார். பலகையால் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்பினார். மிதந்த பாட்டில் ஏறி இறங்க, அதன் அடியில் கட்டிய காந்தம் செம்புக் கம்பிச் சுருளுக்குள் ஏறி இறங்க, சுருளில் மாட்டிய சின்ன பல்பு எரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்த பிறகும் அலை வந்துகொண்டிருந்தது, பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஜோஸ்பின் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆற்றல் ஒன்றுமில்லாததிலிருந்து பிறக்காது என்று கரும்பலகையில் தாமே எழுதியிருந்த வரியைக் காட்டி, இது எங்கிருந்தோ வருகிறது, எங்கிருந்து என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லி, பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பினார்.

அந்த வரியை வீட்டுக்குக் கொண்டுபோனவள் அந்த வகுப்பில் படித்த இளவரசி. ஊரில் அதை முழுசாக நம்பியவர் அவள் அப்பா சிவப்பிரகாசம் ஒருவர்தான். எதுவும் சும்மா வராது என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி. இளவரசி பிறந்த சமயத்தில் அவருக்குப் பூரணாங்குப்பத்துப் பக்கம் இரண்டு காணி நிலம் இருந்தது. போர்வெல் தண்ணீரில் முதலில் லேசாக ஒரு கரிப்பு. அப்புறம் நெல் நுனி கருகியது, அப்புறம் நிலமே வெள்ளை பூத்தது. கடல் மேலே ஏறி வரவில்லை. மண்ணுக்கு அடியில் ஊர்ந்து வந்து எடுத்துக்கொண்டது. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, கடல் எட்டாத தூரமாகப் பார்த்துத்தான் அவர் கரையாம்புத்தூரில் கரும்பு போட்டார். இப்போது கடல் ஸ்கூட்டரில் ஏறிப் பின்னாலேயே வந்துவிட்டது. அலைக்கு வேண்டிய பலம் தன் நிலத்தடியிலிருந்துதான் போகிறது, பதிலுக்கு அங்கே உப்பு இறங்குகிறது என்று அவர் கணக்குப் போட்டார். தினம் காலையில் மோட்டாரைப் போட்டு, முதல் தண்ணீரை வாயில் விட்டுக் கண்ணை மூடி நின்றார். உப்பு தெரியவில்லை. தெரியாததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

ஊர் வேறு திசைகளில் சந்தேகப்பட்டது. தொட்டிக்கு அடியில் மோட்டார் இருக்கிறது என்று தூக்கிப் பார்த்தார்கள்; பெஞ்சுதான் இருந்தது. டீச்சர் கோயில் தண்ணீரைக் கலந்துவிட்டார் என்றார்கள். எந்தக் கோயில் என்பதில் ஒற்றுமை இல்லை. கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஒருவர் வந்து கொசு மருந்து அடித்துவிட்டுப் போனார். திருட்டுக் கரண்ட் என்று யாரோ போன் போட்டதில் மின்துறையிலிருந்து அரிகரன் வந்தார். பள்ளி மெயினை அணைத்தார், பல்பு எரிந்தது. ஊர் டிரான்ஸ்பார்மரையே நிறுத்தினார். மாவு மெஷின் நின்றது, பல்பு எரிந்தது. இது எங்கள் கரண்ட் இல்லை என்று சொல்லி, அலைக்குள் விரலை விட்டு எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அதோடு பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. சில வீடுகளில் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். டீச்சரை மாற்றச் சொல்லிப் பேச்சு எழுந்தது.

சிவப்பிரகாசம் நான்கு ஆட்களோடு வகுப்புக்கே போய்விட்டார்.

"கவுத்துடலாம்னுதான் வந்தேன், டீச்சர். எங்கேர்ந்து வருதுன்னு தெரியாத சாமான் ஊருல இருக்கக் கூடாது."

ஜோஸ்பின் மறிக்கவில்லை. "இங்க கவுத்தீங்கன்னா உப்பு உங்க மண்ணுலதான் எறங்கும், இளவரசி அப்பா. எடுத்த எடத்துலயே ஊத்திடுங்க. எங்கேர்ந்து வருதுன்னு எனக்கும் தெரியணும்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது சிவப்பிரகாசத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன லோடு வண்டியில் தொட்டியை ஏற்றி, இளவரசியைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பாகூர் வழியாகப் போனார். ஜோஸ்பின் பூரணாங்குப்பத்துக் கரையிலேயே நிற்பதாகச் சொல்லியிருந்தார். தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பியதும் சிவப்பிரகாசத்தின் பழைய நிலம் வந்தது. வெள்ளை பூத்தே கிடந்தது. யாரோ மனைக்கல் நட்டிருந்தார்கள். அவர் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை, தலையையும் திருப்பவில்லை.

கரையில், முழங்கால் ஆழத்தில், தொட்டி அகலத்துக்கு வட்டமாகக் கடல் அசையாமல் இருந்தது. சுற்றிலும் அலை எழுந்து விழுந்தது. அந்த வட்டத்தை நெருங்கும்போது மட்டும் இரண்டாகப் பிரிந்து, தாண்டிப் போய்ச் சேர்ந்துகொண்டது. செல்லப்பன் என்ற மீனவர் அதற்குள் நின்று வலை அலசிக்கொண்டிருந்தார். வண்டியில் இருந்த தொட்டியை அவர் நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. அதில் இன்னா இருக்குது என்றார். சொன்னார்கள். இது எப்போதிலிருந்து இப்படி என்று இளவரசி கேட்டாள். ஆடி வெள்ளி, மதியம் இருக்கும், முதலில் பேய் என்று கற்பூரம் கொளுத்தினோம், அப்புறம் பழகிவிட்டது என்றார்.

இளவரசி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இங்க இல்லாதது அங்க இருக்குதுப்பா. நம்ம நெலத்துலேர்ந்து வரல."

ஜோஸ்பின் வட்டத்துக்குள் இறங்கிக் காலை ஊன்றி நின்று பார்த்தார். ஒரு மாதமாக அவர் சரியாகத் தூங்கியிருக்கவில்லை என்பது அவர் முகம் தளர்ந்தபோதுதான் தெரிந்தது. ஆட்கள் தொட்டியை இறக்கப் போனார்கள்.

"ஊத்திடாதண்ணே," என்றார் செல்லப்பன். "வலை அலசத் தோதா இருக்குது."

சிவப்பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். நிலத்தை விற்ற பிறகு அவர் கடலில் கால் வைத்தது அன்றுதான். அசையாத தண்ணீரில் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். நிலத்தில் கண்ட அதே கரிப்பு. துப்பாமல் விழுங்கினார். தொட்டியில் இருந்த அலை அடித்துக்கொண்டிருந்தது, பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"என் ரெண்டு காணிய எடுத்துக்கிச்சு," என்றார். "ஒரு தொட்டி குடுக்கட்டும். வண்டிய திருப்புங்கப்பா."

நம்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. வகுப்பில் தொட்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, ஓரத்தைத் தம் கையாலேயே மடித்துத் தைத்தார். ஒரு சொட்டு மண்ணில் இறங்கக் கூடாது. மற்றபடி பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், டீச்சரை மாற்றும் பேச்சு யாரும் முடித்துவைக்காமல் தானே ஓய்ந்தது. வருஷா வருஷம் ஏழாம் வகுப்பை ஜோஸ்பின் பூரணாங்குப்பத்துக்கு அழைத்துப் போய் அசையாத இடத்தில் ஒவ்வொருவராக நிற்கவைக்கிறார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற நாட்களில், முன்வரிசைப் பிள்ளைகள் புத்தகம் நனையாமல் இருக்க எழுந்து பின்வரிசைக்குப் போய் நெருக்கி உட்கார்ந்துகொள்கிறார்கள். பாடம் நடக்கிறது.